கொட்டியது எண்ணெய், சிக்கியது பதிவேடு: கப்பல்களின் கடல் மாசைச் சட்டம் எப்படிப் பிடிக்கிறது?

2016 டிசம்பரில் பிரின்சஸ் குரூஸ் லைன்ஸ் என்ற உல்லாசக் கப்பல் நிறுவனம் அமெரிக்காவில் ஏழு குற்றச்சாட்டுகளை ஒப்புக்கொண்டு, 4 கோடி டாலர் அபராதம் கட்டச் சம்மதித்தது. வேண்டுமென்றே கடலை மாசுபடுத்திய வழக்குகளில் அதுவரை விதிக்கப்பட்ட அபராதங்களிலேயே அதுதான் மிகப் பெரியது. ஆனால் வழக்கின் மையமாக இருந்த சம்பவம் நடந்தது இங்கிலாந்துக் கரைக்கு அப்பால். கப்பல் பதிவாகியிருந்தது பெர்முடாவில். தண்டித்தது அமெரிக்கா. குற்றப்பத்திரிகையைப் பார்த்தால், எண்ணெய் கொட்டியதைவிடப் பதிவேட்டில் பொய் எழுதியதும் விசாரணையைத் தடுத்ததும்தான் பெரிதாக நிற்கின்றன.

இப்படிப்பட்ட செய்திகளைப் படிக்கும்போது குழப்பம் வருவது இயல்பு. எண்ணெயைக் கொட்டியதற்கே ஏன் வழக்குப் போடவில்லை? தன் கடலும் இல்லை, தன் கொடியும் இல்லை என்னும்போது ஒரு நாடு எந்த உரிமையில் தண்டிக்கிறது? பதில் கடந்த எழுபது ஆண்டுகளில் சட்டம் வளர்ந்த விதத்தில் இருக்கிறது. நடுக்கடலில் கப்பல் எவ்வளவு கொட்டலாம் என்று சொன்ன விதிகள் பெரும்பாலும் காகிதத்தோடு நின்றன. கப்பலை எப்படிக் கட்ட வேண்டும், துறைமுகத்தில் எதைக் காட்ட வேண்டும் என்று சொன்ன விதிகள் பெரும்பாலும் பலித்தன. இன்று பிடிபடுகிற வழக்குகளும் பிடிபடாமல் போகிறவையும் இந்த இரண்டு வகை விதிகளுக்கு இடையில்தான் கிடக்கின்றன.

## விபத்து வேறு, வழக்கம் வேறு

கடலில் எண்ணெய் என்றதும் பாறையில் மோதி உடைந்த டேங்கர்தான் நினைவுக்கு வரும். 1967 மார்ச்சில் இங்கிலாந்தின் கார்ன்வால் கரையருகே மோதிய டோரி கேன்யன் சுமார் 1,20,000 டன் கச்சா எண்ணெயுடன் போய்க்கொண்டிருந்தது. அது உலகையே உலுக்கிய விபத்து. ஆனால் அந்தக் காலத்தில் விபத்துகளைவிட அதிகமான எண்ணெய், எந்தச் சேதமும் இல்லாமல் ஒழுங்காக ஓடிய கப்பல்களிலிருந்து, அன்றாட வேலையின் பகுதியாகக் கடலில் விடப்பட்டது. அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் மதிப்பீட்டின்படி, 1970களின் தொடக்கத்தில் டேங்கர்களின் வழக்கமான இயக்கத்தால் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் டன் எண்ணெய் கடலில் கலந்தது.

அந்த எண்ணெய் நான்கு வழிகளில் வருகிறது.

1. சரக்குத் தொட்டி எச்சம். கச்சா எண்ணெயை இறக்கிய பிறகும் தொட்டிச் சுவரில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். சரக்கில் அரை சதவீதத்துக்கும் குறைவுதான். ஆனால் ஒரு லட்சம் டன் டேங்கரில் அதுவே சில நூறு டன். தொட்டியைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினால் அது கழுவிய நீரோடு வெளியே வரும்.

2. அழுக்கு பல்லாஸ்ட். வெறும் டேங்கர் கடலில் நிலையாக ஓட முடியாது. எடைக்காகக் கடல்நீரை ஏற்றிக்கொள்ள வேண்டும். பழைய டேங்கர்கள் இதே சரக்குத் தொட்டிகளில்தான் நீரை நிரப்பின. அடுத்த சரக்கை ஏற்றப் போகும்போது எண்ணெய் கலந்த அந்த நீரைக் கடலில் திறந்துவிட்டன.

3. பில்ஜ் தண்ணீர். எஞ்சின் அறையின் அடித்தளத்தில் கசிவு, குளிர்விக்கும் நீர், மசகு எண்ணெய், கழுவிய சோப்புத் தண்ணீர் எல்லாம் சேர்ந்து தேங்குவது.

4. ஸ்லட்ஜ். கனரக எரிபொருளை எஞ்சினுக்கு அனுப்புமுன் சுத்திகரிக்கும்போது பிரியும் கெட்டியான கசடு.

முதல் இரண்டும் டேங்கர்களுக்கு மட்டும் உரியவை. பின்னிரண்டும் சரக்குக் கப்பல், பயணிகள் கப்பல் எல்லாவற்றிலும் உண்டு. இந்தப் பிரிவினையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சட்டம் வென்ற இடமும் தோற்ற இடமும் ஏறக்குறைய இந்தக் கோட்டில்தான் பிரிகின்றன.

சின்ன அளவுதானே, இத்தனை பெரிய கடலில் கரைந்துவிடாதா என்று கேட்கலாம். கடற்பறவைகளுக்கு அந்தச் சின்ன அளவே போதும். குளிர்ந்த கடலில் வாழும் பறவையின் இறகில் ஒரு நாணயம் அளவுக்கு எண்ணெய் பட்டாலும் இறகின் நீர்புகாத் தன்மை அங்கே குலைகிறது. குளிர்நீர் உடலைத் தொட, பறவை விறைத்துச் சாகிறது. கனடாவின் அட்லாண்டிக் கரையில் ஆண்டுக்குச் சுமார் 3 லட்சம் பறவைகள் இப்படிச் சாகின்றன என்ற மதிப்பீடு வந்த பிறகுதான், 2005-ல் அந்த நாடு தன் புலம்பெயர் பறவைகள் சட்டத்தைக் கப்பல்கள் மேலும் பாயும்படி திருத்தியது.

## 1954: தூரத்தால் வேலி போட்ட சட்டம்

முதல் சர்வதேச முயற்சி 1926-ல் வாஷிங்டனில் நடந்த மாநாடு. வரைவு எழுதினார்கள், யாரும் கையெழுத்திட்டு நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை. அப்புறம் 1954-ல் லண்டனில் ஒப்பந்தம் உருவாகி, 1958-ல் அமலுக்கு வந்தது. அதன் அடிப்படை எளிது: பொதுவாகக் கரையிலிருந்து 50 கடல் மைலுக்குள் தடை மண்டலம். அதற்குள் விடும் நீரில் எண்ணெய் 100 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது. பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. 100 பிபிஎம் என்பது ஒரு டன் நீரில் 100 கிராம் எண்ணெய்.

விதியைப் படித்ததுமே ஓட்டை தெரிகிறது. 51-வது மைலில் கொட்டலாம். எண்ணெய் மிதக்கும், காற்றும் நீரோட்டமும் அதைக் கரைக்குக் கொண்டுவரும்.

அதைவிடப் பெரிய கோளாறு, அளக்க வழியில்லாதது. அப்போதைய கப்பல்களில் பிபிஎம் அளக்கும் நம்பகமான கருவி கிடையாது. விமானத்திலிருந்து பார்ப்பவருக்குக் கடல்மேல் ஒரு பளபளப்புத் தெரியும். அது 80 பிபிஎம்மா 800 பிபிஎம்மா என்று கண்ணால் சொல்ல முடியாது. இரவில் கொட்டினால் அந்தப் பளபளப்பும் தெரியாது. ஆதாரம் கிடைத்தாலும், தடை மண்டலத்தில் கண்ட குற்றத்துக்கு வழக்குப் போட வேண்டியது கப்பல் பதிவான நாடுதான். புகார் ஒரு தலைநகரிலிருந்து இன்னொரு தலைநகருக்குப் போய், ‘போதிய ஆதாரம் இல்லை’ என்ற பதிலோடு திரும்பும், அல்லது பதிலே வராது.

1960களில் எண்ணெய் நிறுவனங்கள் ஒரு மாற்றைக் கொண்டுவந்தன. கழுவிய நீரையும் அழுக்கு பல்லாஸ்டையும் உடனே கொட்டாமல் ஒரு தொட்டியில் தேக்கி வைப்பது. எண்ணெய் மேலே மிதந்ததும் அடியில் உள்ள நீரை மட்டும் வெளியேற்றுவது. மிஞ்சிய எண்ணெயின் மேலேயே அடுத்த சரக்கை ஏற்றுவது. ‘லோட் ஆன் டாப்’ என்று இதற்குப் பெயர். பொறுமையாகச் செய்தால் நல்ல முறைதான். ஆனால் எண்ணெயும் நீரும் பிரிய நாட்கள் வேண்டும். குறுகிய பயணத்தில் நேரம் இருக்காது, கொந்தளிக்கும் கடலில் பிரியவே பிரியாது. உப்புநீர் கலந்த எண்ணெயைச் சுத்திகரிப்பு ஆலைகளும் விரும்பவில்லை. 1969-ல் ஒப்பந்தத்தைத் திருத்தி இந்த முறைக்கு இடம் கொடுத்தார்கள்: ஒரு கடல் மைலுக்கு 60 லிட்டருக்கு மேல் போகக் கூடாது, மொத்தம் சரக்கில் 15,000-ல் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது.

இரண்டாவது வரம்பில் ஒரு கெட்டிக்காரத்தனம் இருந்தது. 15,000-ல் ஒரு பங்கு என்பது மிகக் குறைவு. ஏற்றுமதித் துறைமுகத்துக்கு வரும் டேங்கரின் தொட்டிகள் சுத்தமாக இருந்து, தேக்கிவைத்த எச்சமும் கப்பலில் இல்லையென்றால், வழியில் எங்கோ கொட்டியிருக்கிறது என்று அர்த்தம். கடலில் பார்க்க வேண்டியதில்லை, துறைமுகத்தில் தொட்டியைத் திறந்தால் போதும். யோசனை சரி. ஆனால் திறந்து பார்க்க வேண்டியவை எண்ணெய் ஏற்றுமதி செய்யும் துறைமுகங்கள். கறை படிந்த கடற்கரைகள் பெரும்பாலும் இறக்குமதி நாடுகளில். அடுத்தவர் கடற்கரைக்காகத் தன் வாடிக்கையாளரைத் துருவுவதில் யாருக்கு ஆர்வம் இருக்கும்? அந்தத் திருத்தமும் அமலுக்கு வர 1978 ஆகிவிட்டது.

## 1973, 1978: கப்பல் கட்டும் தளத்துக்குப் போன விதி

1973 நவம்பரில் உருவானதுதான், கப்பல்களால் கடல் மாசுபடுவதைத் தடுக்க இன்று எல்லாரும் சொல்லும் மார்போல் ஒப்பந்தம். போதிய நாடுகள் சேராமல் அது கிடப்பில் கிடந்தது. 1976 டிசம்பரில் அமெரிக்கக் கரையருகே ஆர்கோ மெர்ச்சன்ட் உட்பட அடுத்தடுத்து டேங்கர் விபத்துகள் நடக்க, ‘நீங்கள் செய்யாவிட்டால் நாங்களே தனியாகச் சட்டம் போடுவோம்’ என்ற தொனியில் அமெரிக்கா அழுத்தம் கொடுத்தது. 1978 பிப்ரவரியில் ஒரு நெறிமுறை சேர்ந்தது. இரண்டும் ஒன்றாக 1983 அக்டோபர் 2-ல் அமலுக்கு வந்தன.

அளவு வரம்புகள் அதிலும் உண்டு. ஆனால் உண்மையான மாற்றம் இரண்டு கட்டாயங்களில் இருந்தது.

1. தனி பல்லாஸ்ட் தொட்டி. கடல்நீருக்கென்றே தனித் தொட்டிகள். அவற்றில் எண்ணெயே ஏற்றக் கூடாது. 1973-ல் 70,000 டன்னுக்கு மேற்பட்ட புதிய டேங்கர்களுக்கு விதித்ததை, 1978-ல் 20,000 டன்னுக்கு மேற்பட்ட புதிய கச்சா எண்ணெய் டேங்கர்களுக்கும் விரித்தார்கள்.

2. கச்சா எண்ணெயாலேயே கழுவுதல். சரக்கை இறக்கும்போதே அதில் ஒரு பகுதியைத் தொட்டிச் சுவரில் வேகமாகப் பீய்ச்சினால், ஒட்டியிருக்கும் கசடு கரைந்து சரக்கோடு சேர்ந்து போய்விடும். தண்ணீரால் கழுவ வேண்டிய தேவை பெருமளவு குறைகிறது.

இரண்டாவது கப்பல் உரிமையாளருக்கு லாபம். 1973-க்குப் பிறகு எண்ணெய் விலை ஏறிவிட்டதால் மிச்சமான ஒவ்வொரு டன்னும் காசு. முதலாவது நஷ்டம்: கட்டும் செலவு கூடும், சரக்குக்கான இடம் குறையும். யாரும் தானாக விரும்பிச் செய்திருக்க மாட்டார்கள். இருந்தும் விதிக்கு உட்பட்ட புதிய டேங்கர்கள் ஏறக்குறைய எல்லாமே தனித் தொட்டிகளோடுதான் கட்டப்பட்டன.

காரணம் மாலுமிகளின் நல்ல மனசு இல்லை. டேங்கர் ஒன்று கடலில் இறங்குமுன் கப்பல் கட்டும் தளம், தரச்சான்று தரும் வகைப்பாட்டு நிறுவனம், காப்பீட்டாளர், கடன் கொடுக்கும் வங்கி என்று பல கைகள் மாற வேண்டும். தொட்டி இல்லாத கப்பலுக்குச் சர்வதேச எண்ணெய் மாசுத் தடுப்புச் சான்றிதழ் கிடைக்காது. சான்றிதழ் இல்லாமல் காப்பீடும் கடனும் கிடைக்காது. தொட்டி இருக்கிறதா என்று பார்க்க விமானமும் வேண்டாம், பிபிஎம் கருவியும் வேண்டாம். இல்லாவிட்டால் எந்தத் துறைமுகமும் கப்பலைத் தடுத்து நிறுத்தலாம். கொடி நாட்டை, அதாவது கப்பல் பதிவான நாட்டை, கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஒரு நாள் கட்டிக் கிடக்கும் டேங்கரின் நஷ்டம் பல நீதிமன்ற அபராதங்களைவிட அதிகம்.

சரி, பலன்? 1970களின் தொடக்கத்தில் 10 லட்சம் டன்னாக இருந்த டேங்கர் இயக்கக் கழிவு, 1980களின் இறுதியில் சுமார் 1.6 லட்சம் டன் என்று மதிப்பிடப்பட்டது. எண்ணெய் விலையும் வர்த்தக அளவில் ஏற்பட்ட மாற்றங்களும் இதில் பங்கு வகித்தன. முழுப் பெருமையும் சட்டத்துக்கு இல்லை. ஆனால் விலை எவ்வளவு ஏறினாலும் தனித் தொட்டியை யாரும் சொந்த விருப்பத்தில் கட்டியிருக்க மாட்டார்கள் என்பதால், அந்தப் பங்கைத் தைரியமாகச் சட்டத்தின் கணக்கில் எழுதலாம்.

## இன்று எவ்வளவு கொட்டலாம்?

‘கொட்டலாமா’ என்று இல்லாமல் ‘எவ்வளவு’ என்று கேட்பது சிலருக்கு உறுத்தும். ஆனால் மார்போல் முழுத் தடை விதிக்கவில்லை. எண்ணெய் பற்றிய அதன் முதல் இணைப்பின் விதிகள் சுருக்கமாக:

1. டேங்கரின் சரக்குப் பகுதி: கரையிலிருந்து 50 கடல் மைலுக்கு அப்பால், ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டும், ஒரு கடல் மைலுக்கு 30 லிட்டர் எண்ணெய்க்கு மிகாமல், மொத்தம் சரக்கில் 30,000-ல் ஒரு பங்குக்கு மிகாமல். கண்காணிப்புக் கருவி இயங்கிக்கொண்டிருக்க வேண்டும். கூடுதல் பாதுகாப்பு வேண்டும் என்று ஒப்பந்தம் குறித்த ‘சிறப்புப் பகுதி’க் கடல்களில் இதற்கும் அனுமதி இல்லை.

2. எந்தக் கப்பலானாலும் எஞ்சின் அறை நீர்: 400 டன்னேஜுக்கு மேல் என்றால், நீரிலிருந்து எண்ணெயைப் பிரிக்கும் பிரிப்பான் கருவி வழியாகச் சென்று 15 பிபிஎம்முக்கு மிகாமல், ஓடும்போது மட்டும். வேறு நீர் ஊற்றி நீர்க்கச் செய்யக் கூடாது.

3. ஸ்லட்ஜ்: கடலில் விடவே கூடாது. கப்பலிலேயே எரிக்கலாம், அல்லது கரையில் இறக்கலாம்.

4. அண்டார்டிகா: எதுவுமே கூடாது. 2017 முதல் ஆர்க்டிக் கடலிலும் அப்படியே.

5. உயிரையோ கப்பலையோ காப்பாற்ற வேண்டிய நெருக்கடியில் விதிவிலக்கு உண்டு.

இந்த எண்களைக் கொஞ்சம் பெருக்கிப் பாருங்கள். 3 லட்சம் டன் சரக்கு ஏற்றும் டேங்கருக்கு 30,000-ல் ஒரு பங்கு என்றால் 10 டன் எண்ணெய். மணிக்கு 15 கடல் மைல் வேகத்தில் போனால் மணிக்கு 450 லிட்டர் வரை சட்டப்படியே விடலாம். ஆகவே கடலில் ஒரு படலம் தெரிந்தாலே குற்றம் நடந்தது என்று சொல்லிவிட முடியாது. 15 பிபிஎம் நீர் பொதுவாகக் கண்ணுக்குத் தெரியும் படலத்தை உண்டாக்காது. அதனால் சரக்குக் கப்பலின் பின்னால் வானவில் நிறத்தில் பட்டை தெரிந்தால் சந்தேகம் வலுவாகும். சந்தேகம் வலுத்தாலும் நீதிமன்றம் கேட்பது ஆதாரத்தை.

## தண்டிக்கும் உரிமை யாருக்கு?

ஐநா கடல் சட்ட ஒப்பந்தம் 1982-ல் எழுதப்பட்டு 1994-ல் அமலுக்கு வந்தது. அதன்படி மூன்று வகை நாடுகள் ஒரு கப்பல்மேல் கை வைக்கலாம்.

கொடி நாடு என்பது கப்பல் பதிவான நாடு. கப்பல் உலகத்தில் எங்கே இருந்தாலும் முழு அதிகாரம் அதற்கு. ஆனால் பனாமா, லைபீரியா, மார்ஷல் தீவுகள் போன்ற நாடுகளின் கொடியில் ஓடும் பெரும்பாலான கப்பல்கள் அந்த நாட்டுத் துறைமுகத்தை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. பதிவுக் கட்டணம் வருமானம். கண்டிப்பு காட்டினால் கப்பல் வேறு கொடிக்கு மாறிவிடும்.

கரையோர நாட்டின் அதிகாரம் படிப்படியாகக் கூடுகிறது. தன் 12 மைல் எல்லைக்கடலில் வலுவான உரிமை. 200 மைல் பொருளாதார மண்டலத்தில் முதலில் கப்பலிடம் விவரம் மட்டும் கேட்கலாம். கணிசமான மாசு என்றால் ஏறிச் சோதிக்கலாம். பெரும் சேதம் விளைந்ததற்குத் தெளிவான புறவய ஆதாரம் இருந்தால்தான் கப்பலைப் பிடித்து வைக்கலாம். அந்த மண்டலத்தில் நடந்த குற்றத்துக்கு வெளிநாட்டுக் கப்பலின் மாலுமிகளைச் சிறைக்கு அனுப்ப முடியாது, பண அபராதம் மட்டுமே. வழக்குத் தொடங்கிய ஆறு மாதத்துக்குள் கொடி நாடு ‘நானே விசாரிக்கிறேன்’ என்று எடுத்துக்கொள்ளவும் முடியும். பெரும் சேதம் நடந்திருந்தாலோ, அந்தக் கொடி நாடு தன் கடமையைத் தொடர்ந்து தட்டிக்கழித்திருந்தாலோ மட்டும் அது செல்லாது.

துறைமுக நாட்டுக்கு, தன் துறைமுகத்துக்குத் தானாக வந்த கப்பல் வெளிக்கடலில் செய்த குற்றத்தைக்கூட விசாரிக்கும் உரிமை எழுத்தில் இருக்கிறது. அதை நேரடியாகப் பயன்படுத்திய நாடுகள் குறைவு. துறைமுகத்தின் உண்மையான பலம் சோதனையில். 1982-ல் ஐரோப்பாவில் பாரிஸ் உடன்பாடு, 1993-ல் ஆசிய பசிபிக் பகுதிக்கு டோக்கியோ உடன்பாடு என்று துறைமுகங்கள் வட்டார வாரியாகக் கைகோத்து, ஒன்று கண்ட குறையை மற்றது உடனே அறியும்படி செய்துகொண்டன.

இப்போது அமெரிக்க வழிக்கு வரலாம். வெளிக்கடலில் நடந்த கொட்டலை அது குற்றப்பத்திரிகையின் நடுவில் வைப்பதில்லை. ஒவ்வொரு கப்பலும் எண்ணெய்ப் பதிவேடு என்ற ஒன்றைப் பராமரிக்க வேண்டும். துறைமுகத்தில் கேட்டால் காட்ட வேண்டும். கொட்டியதை மறைத்து எழுதிய பதிவேட்டோடு அமெரிக்கத் துறைமுகத்துக்குள் நுழைந்தால், அந்தப் பொய்யான பதிவேட்டை அங்கே வைத்திருப்பதே அமெரிக்க மண்ணில் நடந்த தனிக் குற்றம். 1980-ல் வந்த கப்பல் மாசுத் தடுப்புச் சட்டம் இதற்கு வழி செய்கிறது. கொடி எது, கொட்டிய இடம் எது என்ற வாதமெல்லாம் அங்கே எடுபடாது. முதலில் சொன்ன கேள்விக்கான பதில் இதுதான்.

## எஞ்சின் அறைக்குள்

டேங்கர் தொட்டியில் பலித்த தந்திரம் எஞ்சின் அறையில் முழுதாகப் பலிக்கவில்லை. பிரிப்பான் கருவி கட்டாயம்தான், எல்லாக் கப்பலிலும் இருக்கிறது. ஆனால் தனித் தொட்டி இருந்தால் கொட்ட எதுவும் இருக்காது; பிரிப்பான் இருந்தாலும் கழிவு தினமும் ஊறிக்கொண்டே இருக்கும். யாரோ ஒருவர் அதை இயக்க வேண்டும், வடிகட்டி மாற்ற வேண்டும். சோப்பு கலந்த பில்ஜ் நீரில் எண்ணெய் பால்போல் கலந்துவிட்டால் பிரிப்பான் திணறும், அலாரம் அடித்துக்கொண்டே இருக்கும். கரையில் இறக்கலாம் என்றால் அதற்குக் கட்டணம், நேரம், அலுவலகத்தின் முகச்சுளிப்பு.

அப்போதுதான் ‘மேஜிக் பைப்’ வருகிறது. பில்ஜ் பம்புக்கும் கடலில் திறக்கும் வால்வுக்கும் இடையே, பிரிப்பானைத் தாண்டிப் போகும்படி மாட்டும் ஒரு துண்டுக் குழாய். இரண்டு முனையிலும் போல்ட் போட்ட இணைப்பு. கழற்றி ஒளித்துவிட்டால் இருந்த தடமே இருக்காது. தொடக்கத்தில் சொன்ன நிறுவனத்தின் கரீபியன் பிரின்சஸ் கப்பலில் 2013 ஆகஸ்ட் 26 அன்று, இங்கிலாந்துக் கரையிலிருந்து சுமார் 23 மைல் தூரத்தில், இந்த வழியாகச் சுமார் 16,000 லிட்டர் எண்ணெய்க் கழிவு கடலில் போனது. அதே நேரத்தில் பிரிப்பானின் அளவுக் கருவிக்குள் சுத்தமான கடல்நீரை ஓடவிட்டார்கள். டிஜிட்டல் பதிவில் எல்லாம் ஒழுங்காக நடந்ததுபோல் தெரிந்தது. பிபிஎம் கருவியை நம்பும் விதிக்கு இதைவிடப் பொருத்தமான கேலி இருக்க முடியாது.

பிடிபட்டது எப்படி? செயற்கைக்கோளோ விமானமோ காரணம் இல்லை. புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு எஞ்சினியர் சவுத்தாம்ப்டனில் கப்பலை விட்டு இறங்கி, பிரிட்டிஷ் அதிகாரிகளிடம் சொன்னார். செய்தி தெரிந்ததும் சீஃப் எஞ்சினியரும் இன்னொரு மூத்த எஞ்சினியரும் குழாயைக் கழற்றச் சொன்னதோடு, விசாரித்தால் பொய் சொல்லும்படி மற்றவர்களுக்கு உத்தரவும் போட்டார்கள். அடுத்த மாதம் நியூயார்க்கில் அமெரிக்கக் கடலோரக் காவல்படை ஏறியபோதும் மறைத்தார்கள். வழக்கு முடிந்தபோது அந்த இளம் எஞ்சினியருக்கு நீதிமன்றம் 10 லட்சம் டாலர் வழங்கியது. தகவல் தருபவருக்கு அபராதத்தில் பாதி வரை கொடுக்கலாம் என்று அமெரிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. கப்பலில் எல்லார் வாயையும் அடைத்து வைப்பது அதன்பிறகு அவ்வளவு எளிதில்லை என்பது என் கருத்து. அபராதத் தொகையைவிட இந்த ஒரு பிரிவுதான் நிறுவனங்களை அதிகம் பயமுறுத்துகிறது என்று நினைக்கிறேன்.

யாரும் சொல்லாவிட்டால், சோதனை அதிகாரி கணக்கைத்தான் நம்ப வேண்டும். பதிவேட்டில் எல்லாவற்றுக்கும் குறியீட்டு எண் உண்டு. ‘சி 11’ என்றால் வாராவாரம் ஸ்லட்ஜ் தொட்டியில் எவ்வளவு இருக்கிறது என்ற அளவு. ‘சி 12.3’ எரித்தது. ‘டி 15.1’ என்றால் பில்ஜ் நீரைப் பிரிப்பான் வழியே கடலில் விட்டது; தொடங்கிய, முடித்த நேரமும் கப்பல் இருந்த இடமும் கூடவே வர வேண்டும். இந்த வரிகளை அதிகாரி இப்படிக் கோத்துப் பார்ப்பார்:

1. கனரக எரிபொருளில் ஏறக்குறைய 1.5 சதவீதம் ஸ்லட்ஜாகும் என்று தொட்டி வடிவமைப்புக்கான ஐஎம்ஓ (ஐநாவின் சர்வதேசக் கடல்சார் அமைப்பு) வழிகாட்டுதல் கணக்கிடுகிறது. நாளைக்கு 40 டன் எரிக்கும் கப்பலில் 20 நாளில் சுமார் 12 டன் சேர்ந்திருக்க வேண்டும். பதிவேட்டில் 3 டன்தான் என்றால் மிச்சம் எங்கே?

2. எரித்தோம் என்றால் எரிக்கும் உலையின் திறனைப் பார்ப்பார். மணிக்கு 50 லிட்டர் எரிக்கும் உலை ஒரே இரவில் 5,000 லிட்டர் எரித்திருக்க முடியாது.

3. கரையில் இறக்கினோம் என்றால் துறைமுகம் கொடுத்த ரசீது வேண்டும்.

4. எஞ்சின் அறையில், கழற்றிப் போட்ட அடையாளமுள்ள போல்ட், மற்றக் குழாய்களைவிடப் புதிதாகப் பெயின்ட் அடித்த இணைப்பு ஆகியவற்றைத் தேடுவார். பிரிப்பானுக்கு அப்பால் கடலுக்குப் போகும் குழாயைக் கழற்றி உள்ளே விரலை விடுவார். 15 பிபிஎம் நீர் மட்டும் போன குழாயின் உட்சுவரில் கருப்புப் பிசுக்கு படிந்திருக்கக் காரணம் இல்லை.

எண்ணெய் கப்பலை விட்டுப் போய் வாரங்கள் ஆன பிறகும் இவை அனைத்தும் கப்பலிலேயே இருக்கும். அதனால்தான் பதிவேட்டைக் கடைசிப் பதிவிலிருந்து மூன்று ஆண்டுகள் கப்பலில் வைத்திருக்க வேண்டும் என்று விதி.

## செயற்கைக்கோள் என்ன தருகிறது?

ரேடார் செயற்கைக்கோள் மேகத்தையும் இருட்டையும் மீறிப் பார்க்கும். கடல்மேல் சிறு அலைகள் ரேடார் கதிரைத் திருப்பி அனுப்புகின்றன; எண்ணெய்ப் படலம் அந்தச் சிற்றலைகளை அமுக்கிவிடுவதால் அந்த இடம் படத்தில் கறுப்பாகத் தெரிகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2007 முதல் கிளீன்சீநெட் என்ற சேவையை நடத்துகிறது. படம் எடுத்த அரை மணிக்குள் சம்பந்தப்பட்ட நாட்டுக்கு எச்சரிக்கை போகிறது. கப்பல்கள் தாமாக ஒலிபரப்பும் ஏஐஎஸ் இடக்குறிப்போடு அதைப் பொருத்தினால், கறுப்புக் கோட்டின் நுனியில் எந்தக் கப்பல் இருந்தது என்று தெரியும்.

ஆனால் காற்றே இல்லாத கடலும் கறுப்பாகத்தான் தெரியும். பாசிப் படலமும் அப்படியே. காற்று பலமாக வீசினால் எண்ணெய் கலைந்து எதுவும் தெரியாது. பிபிஎம் எவ்வளவு என்று ரேடார் சொல்லாது. 1954-ன் பழைய சிக்கல் புது உயரத்தில் நிற்கிறது என்று வேண்டுமானால் சொல்லலாம். படத்தின் உண்மையான பயன், எந்தக் கப்பலை அடுத்த துறைமுகத்தில் ஆழமாகச் சோதிக்க வேண்டும் என்று சுட்டிக்காட்டுவதில் இருக்கிறது.

ஒட்டுமொத்தப் படம் என்ன சொல்கிறது என்பதற்கு 2022-ல் வெளியான ஓர் ஆய்வு உண்டு. 2014 முதல் 2019 வரை எடுத்த 5.6 லட்சத்துக்கும் மேற்பட்ட ரேடார் படங்களை ஆராய்ந்ததில், கடலில் தொடர்ந்து காணும் எண்ணெய்ப் படலங்களில் சுமார் 94 சதவீதப் பரப்பு மனிதச் செயலால் வந்தது என்று தெரிந்தது. முன்பு பாதிக்குச் சற்று அதிகம் என்றே நினைத்திருந்தார்கள். இதில் கப்பல் மட்டுமில்லை. எண்ணெய்க் கிணறு, குழாய், நிலத்திலிருந்து வழிவது எல்லாம் சேரும்.

## கரையில் இறக்க இடம் இருக்கிறதா?

கடலில் கொட்டாதே என்றால் கரையில் எடுத்துக்கொள்ள வேண்டும். மார்போல் துறைமுகங்களுக்கும் இந்தக் கடமையை விதித்தது. கப்பல்களுக்கான விதியை அமல்படுத்திய அளவுக்கு இதை யாரும் அமல்படுத்தவில்லை. செங்கடலை எடுத்துக்கொள்ளுங்கள். 1973-ன் மூல ஒப்பந்தத்திலேயே அது சிறப்புப் பகுதி. ஆனால் சிறப்புப் பகுதியின் கடுமையான விதிகள் நடைமுறைக்கு வர, கரையோர நாடுகள் கழிவு ஏற்கும் வசதி தயார் என்று அறிவிக்க வேண்டும். அந்த விதிகள் அங்கே நடைமுறைக்கு வந்த நாள் 2025 ஜனவரி 1. இடையில் அரை நூற்றாண்டு போய்விட்டது.

பால்டிக் கடல் நாடுகள் வேறு வழியில் போயின. கழிவை இறக்கினாலும் இறக்காவிட்டாலும் துறைமுகக் கட்டணத்திலேயே அந்தச் செலவு சேர்ந்துவிடும். எப்படியும் காசு போய்விட்டது என்றால், கடலில் கொட்டி மிச்சம் பிடிக்க ஒன்றும் இல்லை. இன்னும் பல துறைமுகங்களில் கன அளவுக்கு ஏற்பத் தனிக் கட்டணம்தான். சீஃப் எஞ்சினியரின் கையை மேஜிக் பைப் பக்கம் தள்ளுவதும் அந்த ரசீதுதான்.

## நிழல் கப்பல்கள் வந்த பிறகு

இதுவரை சொன்ன அமலாக்கம் முழுவதும் ஒரு நம்பிக்கையில் நிற்கிறது: கப்பலுக்கு நல்ல துறைமுகம் வேண்டும், காப்பீடு வேண்டும், சான்றிதழ் வேண்டும். பொருளாதாரத் தடைகளைத் தவிர்க்க ஓடும் ‘நிழல் கப்பல்கள்’ என்ற பழைய டேங்கர் கூட்டம் இவற்றைச் சார்ந்து இல்லை. ஏஐஎஸ் கருவியை அணைத்துவிட்டுப் போகும். நடுக்கடலில் ஒரு கப்பலிலிருந்து இன்னொன்றுக்கு எண்ணெய் மாற்றும். கொடியை அடிக்கடி மாற்றும், சிலது போலிப் பதிவிலேயே ஓடும். காப்பீட்டாளர் யாரென்று தெரியாது. ரேடார் படத்தில் கறுப்புக் கோடு விழுந்தாலும் அதோடு பொருத்திப் பார்க்க ஏஐஎஸ் குறிப்பு இருக்காது.

2023 டிசம்பரில் ஐஎம்ஓ பொதுச்சபை இதுபற்றி ஒரு தீர்மானம் போட்டது. கடலில் எண்ணெய் மாற்றுவதற்கான விதிகளைத் தங்கள் கப்பல்கள் பின்பற்றுவதை உறுதிசெய்யும்படி கொடி நாடுகளைக் கேட்டுக்கொண்டது. இந்தக் கப்பல்களைக் கூடுதலாகச் சோதிக்கும்படி துறைமுக நாடுகளையும் கேட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் தன் கப்பல் மாசுச் சட்டத்தைத் திருத்தி, எண்ணெயோடு சாக்கடை நீர், குப்பை, புகை கழுவும் கருவியின் கசடு ஆகியவற்றையும் தண்டனை வரம்புக்குள் கொண்டுவந்தது. தீர்மானம் கொடி நாட்டை நோக்கிப் பேசுகிறது. ஐரோப்பியச் சட்டம் தன் துறைமுகத்துக்கு வரும் கப்பலை நோக்கிப் பேசுகிறது. அந்த டேங்கர்களில் பல இரண்டு பேச்சும் எட்டாத தூரத்தில் ஓடுகின்றன. அவற்றின் வழியில் குறுகிய நீரிணைகளும் அடுத்தவர் பொருளாதார மண்டலங்களும் வருவதால், கரையோர நாடுகள் எந்தக் கட்டத்தில் ஏறிச் சோதிக்கலாம் என்ற 1982-ன் படிக்கட்டு விதிகள்தான் இப்போது வாதத்தின் நடுவில் வந்து நிற்கின்றன.